30-ம் நாள் வராத 13 பேரை "நலம்" என்று எழுதலாமா?

நொய்யல்_பீஜி | திங்கள், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜெனரல் சர்ஜரி பீஜி (மேற்படிப்பு), கடைசி வருஷம். காலேஜ் பேர் வேண்டாம், கொங்கு பக்கம்னு மட்டும் வெச்சுக்கங்க. தீசிஸ் குடுக்க இன்னும் மூணு வாரந்தான் இருக்குது. தூக்கம் வரல, அதான் இங்க வந்து புலம்பறேன்.

என்ற தலைப்பு இதுதான்: குடலிறக்கத்துக்கு வலை வெச்சு மூடறப்ப, தோலுக்கு ஸ்டேப்ளர் அடிக்கறதா, கரையற நூல்ல உள்தையல் போடறதா, எதுல சீழ் கம்மி? பக்கத்துக்கு 30 பேர், மொத்தம் 60. 30 நாள் வரைக்கும் புண்ணைப் பார்க்கோணும்.

30-ம் நாள் வந்து காட்டினவங்கள்ல ஸ்டேப்ளர் 26 பேர், அதுல 4 பேருக்குச் சீழ். உள்தையல் 21 பேர், அதுல 1. மீதி 13 பேர் வரவே இல்ல. கைடு மாஸ்டர் சார்ட்டை ஒரு பார்வை பார்த்தார். "சீழ் புடிச்சிருந்தா ஓடி வந்திருப்பாங்கம்மா. வரலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். 13 பேருக்கும் நில்னு (சீழ் இல்லன்னு) போட்டு முடி"ன்னுட்டார்.

எக்செல்ல அந்த 13 கட்டமும் காலியாவே கிடக்குது. நில்னு அடிக்க விரல் வரமாட்டேங்குது. எல்லாரும் இப்படித்தான் போடறீங்களா?

கோபி_கத்தி | திங்கள், இரவு 11.48

அம்மிணி, 30 வருஷம் தியேட்டர்ல நின்னவன் சொல்றேன், கேட்டுக்க. எங்க காலத்துல தீசிஸ்னா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல கார்பன் வெச்சு நாலு காப்பி அடிச்சு, பைண்டிங் போட்டு அனுப்பறதுதான். யாரும் பிரிச்சுப் படிச்ச மாதிரி தெரியல. எனக்குப் பட்டமும் வந்துச்சு, கையும் நல்லாத்தான் இருந்துச்சு. சர்ஜரி கைல இருக்குது, காகிதத்துல இல்ல. உன்ற கைடு சொன்னபடி போட்டுட்டு பரீட்சைக்குப் படி.

கணக்கு_சோமனூர் | செவ்வாய், காலை 6.15

நான் பயோஸ்டாட்ஸ், அதாவது மருத்துவப் புள்ளியியல் சொல்லித் தர்ற ஆள். டாக்டர் இல்ல. ரெண்டே கேள்வி.

யாருக்கு ஸ்டேப்ளர், யாருக்கு உள்தையல்னு எப்படிப் பிரிச்சீங்க? வராத 13 பேர் எந்தப் பக்கம் எத்தனை?

நொய்யல்_பீஜி | செவ்வாய், காலை 7.02

ஐபி நம்பர் (உள்நோயாளியாச் சேர்க்கறப்ப குடுக்கற எண்) ஒத்தைப்படைன்னா ஸ்டேப்ளர், ரெட்டைப்படைன்னா உள்தையல். வராதவங்க ஸ்டேப்ளர்ல 4, உள்தையல்ல 9 சார். ரவுண்ட்ஸ் போகோணும், மத்தியானம் வர்றேன்.

கணக்கு_சோமனூர் | செவ்வாய், காலை 9.30

மொதல்ல அந்த 9-க்கு வருவோம், விஷயமே அங்கதான் இருக்கு.

ஸ்டேப்ளர் அடிச்சவங்க கிளிப் எடுக்க எப்படியும் வந்தாகணும். வந்தா புண்ணை யாராவது பார்ப்பாங்க. லேசா செவந்திருந்தாலும் சீட்டுல ஏறும். "30-ம் நாள் மறுபடி வரணும்"னு ஒரு அதட்டலும் கிடைக்கும். உள்தையல் போட்டவங்ககிட்ட டிஸ்சார்ஜ் அன்னிக்கே "தையல் பிரிக்க வேண்டியதில்ல"ன்னு சொல்லி அனுப்பியிருப்பீங்க. அவங்க காதுல அது "வர வேண்டியதில்ல"ன்னு விழுந்திருக்கும்.

அதாவது, நீங்க எதைச் சோதிக்கறீங்களோ அதுவே ஆளை வர விடாம வெச்சிருக்கு. வராதவங்களுக்கு நில்னு போட்டா பலன் மொத்தமும் உள்தையல் பக்கம் போகும். 30-ல 4, 30-ல 1னு அழகா வரும். அந்த 9 பேருக்கும் சீழ்னு வெச்சுக்கிட்டா 30-ல 10. உண்மை இந்த 1-க்கும் 10-க்கும் நடுவுல எங்கயோ கிடக்கு. உங்க தீசிஸோட முடிவே நீங்க பார்க்காத 9 பேர் கையில இருக்கு.

இனி ஒத்தை ரெட்டை. சின்ன வயசுல புளியங்கொட்டையைக் கைக்குள்ள மூடி "ஒத்தையா ரெட்டையா"ன்னு விளையாடியிருப்பீங்க. கை மூடியிருக்கறதாலதான் அது விளையாட்டு. விரிச்ச கையில கொட்டையை வெச்சுக்கிட்டு கேட்டா யாருங்க தோப்பாங்க? ஐபி நம்பர் விரிச்ச கை. அட்மிஷன் போடற டாக்டருக்கு அடுத்த ஆள் எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரியும். சர்க்கரை 300 இருக்கற பெரியவர் வந்தா, "இவருக்கு உள்தையல் வேண்டாம், ஸ்டடியிலயே சேர்க்காத"ன்னு யாரோ நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க. அங்கயே தராசு சாய்ஞ்சிரும். கம்ப்யூட்டர்ல வரிசை போட்டு, எண் போட்ட, வெளிச்சம் ஊடுருவாத கவர்ல ஒட்டி வெச்சு, தியேட்டர்ல தோலை மூடறப்பதான் பிரிக்கணும். இனிமே மாத்த முடியாது. ஆனா ஐபி நம்பர் வெச்சுத்தான் பிரிச்சேன்னு மெதட்ஸ்ல அப்படியே எழுதலாம். "ரேண்டமைஸ் செய்யப்பட்டது", அதாவது குலுக்கல் மாதிரிப் பிரிச்சதுன்னு ஒத்தை வரில முடிச்சிராதீங்க.

தறி_சென்னிமலை | செவ்வாய், மதியம் 1.10

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும், நான் தறிக்காரன். ஆனா இந்த "வரலன்னா நல்லா இருக்காங்க"ங்கறதைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல.

எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே குடலிறக்க ஆபரேசன். எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்லல. ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. நான் போகல. ஏன்னு கேளுங்க. ரெண்டு பஸ் மாறோணும், ஓபி சீட்டுக்கு வரிசை, டாக்டரைப் பார்க்கறப்ப மணி 12. ஒரு நாள் தறி நின்னா அந்த வாரக் கூலியில துண்டு விழும். புண்ணுல தண்ணி கசிஞ்சுச்சுங்க. பக்கத்து வீதி கம்பவுண்டர்கிட்ட ஒரு வாரம் கட்டுப் போட்டேன், ஆறிருச்சு. அந்த ஆஸ்பத்திரிக் கணக்குல நான் இன்னிக்கும் "நல்லா இருக்கறவன்"தானுங்களே?

மஞ்சள் மண்டில மூட்டைக்கு மேல நல்ல விரலியாப் பரப்பி வெச்சிருப்பாங்க. வாங்கறவன் மேலாப்புல பார்த்துட்டா விலை சொல்றான்? குத்தூசியை அடி வரைக்கும் எறக்கி எடுத்துப் பார்த்துட்டுத்தான் வாயைத் தொறப்பான். வராதவங்கதான் டாக்டரம்மா மூட்டையோட அடி.

கோபி_கத்தி | செவ்வாய், மதியம் 2.25

தறிக்காரரே, சொன்னது உறைக்குது. ஆனாலும் ஒண்ணு. இந்தக் கவர், கம்ப்யூட்டர் எல்லாம் மாத்திரைக்குச் சரி. எந்தக் கம்பவுண்டர் எடுத்துக் குடுத்தாலும் மாத்திரை மாத்திரைதான். ஆபரேசன் அப்படியா? அதே ஆபரேசன் என் கைல ஒண்ணு, நேத்து சேர்ந்த பையன் கைல வேற. இதை எந்தப் புள்ளிவிவரம் புடிக்கும்?

பீளமேடு_ஆந்தை | செவ்வாய், மாலை 5.40

கோபி ஐயா, இதே சண்டை இங்க்லாந்துல 1996-லயே நடந்தது. லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், அறுவை ஆராய்ச்சியா இல்ல கோமாளி நாடகமான்னு தலைப்புலயே கேட்டு எழுதினார். சர்ஜன்கள் எழுதறதுல கிட்டத்தட்ட பாதி "நான் இத்தனை பேருக்குப் பண்ணினேன், நல்லா இருக்காங்க" ரகம், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம்னு ஒண்ணு இல்லங்கறதுதான் அவர் வாதம். சர்ஜன்கள் கொதிச்சுப் போனாங்க. கொதிச்சதுல ஒரு நல்லது, 2009-ல ஐடியல்னு ஒரு வழிமுறை வந்துச்சு. புது ஆபரேசன்னா முதல் ஆள்ல இருந்து என்னென்ன கட்டத்துல எதை எதை எழுதி வைக்கணும், எப்ப ஒப்பீட்டுச் சோதனைக்குப் போகணும்னு பிரிச்சு வெச்சிருக்காங்க.

உங்க கை விஷயத்துக்கு நம்ம கோயமுத்தூர்லயே உதாரணம் இருக்கு. கணையத்தலையை எடுக்கற விப்பிள் ஆபரேசனை லேப்ராஸ்கோப்பில பண்றதையும் வயித்தைத் திறந்து பண்றதையும் டாக்டர் சி. பழனிவேலு குழு இங்க ரேண்டமைஸ் பண்ணிப் பார்த்தாங்க. ப்ளாட் சோதனைன்னு பேர், 64 பேர், 2017-ல வெளியாச்சு. லேப்ராஸ்கோப்பில பண்ணினவங்க ஆஸ்பத்திரில இருந்த நாள் நடுமதிப்பு 7, திறந்து பண்ணினவங்களுக்கு 13. அடுத்த ரெண்டே வருஷத்துல நெதர்லாந்துல அதே ஆபரேசனுக்கு லெப்பர்ட்-2ன்னு ஒரு சோதனை. 99 பேரோட பாதியில நிறுத்திட்டாங்க. லேப்ராஸ்கோப் பக்கம் 50 பேர்ல 5 பேர், திறந்த பக்கம் 49 பேர்ல ஒருத்தர், 90 நாளுக்குள்ள சிக்கல்ல இறந்துட்டாங்க.

ரெண்டுல எது பொய்? எதுவும் இல்ல. ஒண்ணு வருஷக்கணக்கா அதையே பண்ணின ஒரே இடம். இன்னொண்ணு பல ஆஸ்பத்திரிகள்.

கோபி_கத்தி | செவ்வாய், மாலை 6.05

அதைத்தானப்பா நானும் சொன்னேன். கை!

கணக்கு_சோமனூர் | செவ்வாய், மாலை 6.30

ஐயா, கைதான் காரணம்னா அந்தக் கையைப் பத்திப் பேப்பர்ல எழுதணும்ல? யார் பண்ணினாங்க, முன்னாடி எத்தனை பண்ணியிருக்காங்க, எத்தனை இடம். சோதனையைப் பத்தின பேப்பர்ல என்னென்ன எழுதணும்னு கன்சார்ட்னு நாங்க சொல்ற பட்டியல் 1996-ல வந்தப்ப மருந்துக்குத் தோதாத்தான் இருந்தது, அது உண்மை. ஆபரேசன் மாதிரி மருந்தில்லாத சிகிச்சைக்கு 2008-ல தனியா ஒரு கிளைப் பட்டியல் போட்டாங்க. உங்க "கை" அதுல ஒரு கேள்வியாவே இருக்கு. பீஜி, உங்க 60-ல எத்தனை கேஸை நீங்க தைச்சீங்க, எத்தனை அசிஸ்டன்ட் சார்?

நொய்யல்_பீஜி | செவ்வாய், இரவு 10.15

குறிச்சு வெக்கலைங் சார். தியேட்டர் ரிஜிஸ்டர்ல சர்ஜன் பேர் இருக்கும், ஆனா தோலை மூடினது யாருன்னு இருக்காது. பாதிக்கு மேல நானும் ஜூனியரும்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல நிக்குது. சீழ்ல பி வேல்யூ (வித்தியாசம் தற்செயல் இல்லன்னு சொல்ல 0.05-க்குக் கீழ இருக்க வேண்டிய எண்) வராதுன்னு தெரிஞ்சதும் கைடு வலி ஸ்கோரைப் பார்க்கச் சொன்னார். 50 வயசுக்கு மேல ஆம்பளைங்கள மட்டும் எடுத்தா 0.05-க்குக் கீழ வருது. "அதையே டைட்டிலா வெச்சுரு, பேப்பராப் போகும்"ங்கறார். சிடிஆர்ஐல (இந்தியாவோட மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிஞ்சப்ப முதல் அளவீடு 30 நாள்ல சீழ்னுதான் குடுத்திருக்கோம்.

விரைவு_பப்ளிகேஷன் | செவ்வாய், இரவு 10.19

பீஜி மற்றும் பேராசிரியர்களுக்கு! பதவி உயர்வுக்குப் பேப்பர் தேவையா? இண்டெக்ஸ் செய்யப்பட்ட ஜர்னலில் 15 நாளில் உறுதி. டேட்டா இல்லாவிட்டாலும் நாங்கள் [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 10.31

தூக்கியாச்சு. இந்த வாரத்துல இது மூணாவது. "டேட்டா இல்லாவிட்டாலும்"ங்கறதை மட்டும் எல்லாரும் பார்க்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்.

பவானி_கூடுதுறை | செவ்வாய், இரவு 11.00

பீஜி அக்கா, 50 வயசு ஆம்பளைங்கன்னதும் எங்க பிஎஸ்எம் (சமூக மருத்துவம்) மேடம் சொன்ன ராசிபலன் கதைதான் ஞாபகம் வந்துச்சு. 1988-ல ஐசிஸ்-2ன்னு ஒரு பெரிய சோதனை, மாரடைப்புக்கு ஆஸ்பிரின் குடுத்தா உயிர் பிழைக்கறாங்களான்னு, 17,187 பேர். ஆஸ்பிரின் நல்லாவே வேலை செஞ்சது. இன்னிக்கு வரைக்கும் குடுக்கறதே அதனாலதான். ஆனா ஜர்னல்காரங்க "ஆம்பளை, பொம்பளை, வயசுன்னு பிரிச்சுப் பிரிச்சுக் காட்டு"ன்னாங்களாம். சரின்னுட்டு ஆராய்ச்சிக்காரங்க ராசி வாரியாவும் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. மிதுனமும் துலாமும் மட்டும் ஆஸ்பிரின் எடுத்தா கொஞ்சம் பாதகம்னு வந்துச்சு!

பிரிச்சுக்கிட்டே போனா ஏதாவது ஒண்ணு மாட்டும்னு காட்டறதுக்குத்தான் அதைப் போட்டாங்க. எங்க மாமா துலாம். நெஞ்சுவலி வந்தப்ப ஜாதகம் பார்க்காம ஆஸ்பிரின் குடுத்துட்டாங்க, நல்லவேளை.

தறி_சென்னிமலை | செவ்வாய், இரவு 11.12

இந்தத் தறிக்காரன் மிதுனமுங்க. பார்த்து நடந்துக்கறேன்.

கணக்கு_சோமனூர் | புதன், காலை 6.40

பவானி சொன்னதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. சிடிஆர்ஐ 2007-ல தொடங்கினது, 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே பதியணும்னு கட்டாயமானது, எல்லாம் இதுக்குத்தான். அம்பு விட்டதுக்கு அப்புறம் அது குத்தின இடத்தைச் சுத்தி வட்டம் வரையக்கூடாதுன்னு. வலி ஸ்கோரையும் போடுங்க, ரெண்டாவது அளவீடா, பின்னாடி பிரிச்சுப் பார்த்ததுன்னு சொல்லியே போடுங்க.

60-ங்கற எண் எங்க இருந்து வந்ததுன்னு கேட்கலாம்னு இருந்தேன். வேண்டாம், தெரியும். போன வருஷ சீனியர் 60 பண்ணியிருப்பாங்க. ஒரு அளவுக்குச் சொல்றேன். வயித்துக் காயத்தை மூடறதுக்கு முன்னாடி கையுறையையும் கருவிகளையும் புதுசா மாத்தினா சீழ் குறையுமான்னு இந்தியா உட்பட 7 நாட்டுல பார்த்தாங்க, சீட்டா சோதனை, லான்செட், 2022. 18.9 சதவீதம் 16.0 ஆச்சு. மூணு சதவீதம் இறங்கினதை நம்பறதுக்கு 81 ஆஸ்பத்திரி, 13,301 பேர் தேவைப்பட்டாங்க. அதே ஆராய்ச்சிக் குழுக்கள் அதுக்கு முந்தின வருஷம் 5,788 பேர்ல ட்ரைக்ளோசான் பூசின நூலைப் பார்த்துட்டு, சாதா நூலைவிட மேலுன்னு சொல்ல முடியலைன்னு எழுதினாங்க. அதுவும் அதே லான்செட்ல வந்துச்சு. "ஒண்ணும் வரலை"ங்கறதும் ஒரு விடைதான். நம்மூர்ல விலை கூடின நூலை ஏழை தலையில கட்டாம இருக்க அது உதவும்.

உங்க 60 பேரை வெச்சு எது மேலுன்னு சொல்லவே முடியாது, 30-ல 4, 30-ல 1னு வந்தாலும். அதனால ஜெயிக்கறதை விடுங்க. 60 பேருக்கும் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. இன்னொருத்தர் பத்துக் காலேஜ் தீசிஸைச் சேர்த்துக் கூட்டறப்ப உங்களுது கூட்டற மாதிரி இருக்கணும். வலை வெச்ச கேஸுக்கு ஆழத்துல பிடிக்கற சீழை 90 நாள் வரைக்கும் பார்க்கறது முறை, 30-ஓட நிறுத்தினதையும் குறையா ஒரு வரி எழுதிருங்க.

எம்ஆர்டி_அக்கா | புதன், காலை 10.20

நான் ரெக்கார்டு செக்‌ஷன்ல 18 வருஷமா இருக்கேன் கண்ணு. கேஸ் ஷீட் முதல் பக்கத்துல இருக்கற நம்பரை நம்பாத. அது பாதி கூட வந்த ஆளோடது, இல்லீன்னா 108-ல எழுதினது. கன்சென்ட் ஃபாரத்துல கையெழுத்துக்குப் பக்கத்துல இன்னொரு நம்பர் இருக்கும், இன்சூரன்ஸ் ஃபாரத்துல மூணாவது ஒண்ணு இருக்கும். பொழுதோட ஏழு மணிக்கு மேல கூப்பிடு. பகல்ல காட்டுல இருப்பாங்க, இது மஞ்சள் வெட்டற மாசம். "ஆராய்ச்சி"ன்னு ஆரம்பிக்காத, பில் பாக்கின்னு நெனச்சு வெச்சுருவாங்க. "புண்ணு எப்படி இருக்குது"ன்னு கேளு.

நொய்யல்_பீஜி | சனி, இரவு 11.50

நாலு நாளா காணோம்னு நெனச்சிருப்பீங்க. கூப்பிட்டுட்டு இருந்தேனுங்க. போன்ல விசாரிக்க எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதல் நாளே இருந்துச்சு, கன்சென்ட்லயும் இருக்குது. யாருக்கும்தான் ஞாபகம் இல்ல.

13-ல 11 பேர் கிடைச்சாங்க. எம்ஆர்டி அக்கா சொன்ன மாதிரியே மூணு பேர் இன்சூரன்ஸ் ஃபாரத்து நம்பர்ல. எல்லார்கிட்டயும் ஒரே அஞ்சு கேள்வி, எந்தப் பக்கம்னு தெரியாத ஜூனியரை விட்டுக் கேட்கச் சொன்னேன். நான் பக்கத்துல ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தேன்.

கொடுமுடிப் பக்கம் ஒரு பெரியவர். பின்னாடி மஞ்சள் வேகற கொப்பரைச் சத்தமும் ஆளுங்க பேச்சும். "நல்லாத்தானுங்க இருக்கறேன்"னார். ஜூனியர் வெச்சிரப் போனான். மூணாவது கேள்வியை மறுபடி கேளுன்னு ஜாடை காட்டினேன்: அந்த இடத்துல ஏதாச்சும் கசிஞ்சு துணியில ஒட்டுச்சுங்களா? "ஆமாங்க, பனியன்ல மஞ்சளா ஒட்டுச்சு. மஞ்சத்தூளுதான்னு நெனச்சேன். நாத்தம் வந்தப்புறம் இங்க டாக்டரம்மாகிட்டப் போனேன், அழுத்தி எடுத்துட்டு மருந்து வெச்சு பத்து நாள் கட்டினாங்க. இப்ப நல்லாத்தானுங்க இருக்கறேன்." ஊசி போட்ட சீட்டை அவர் பேரன் வாட்ஸாப்புல படம் புடிச்சு அனுப்பினான்.

உள்தையல்ல கிடைச்ச 8 பேர்ல அவரோட சேர்த்து 2 பேருக்குச் சீழ். ஸ்டேப்ளர்ல கிடைச்ச 3 பேருக்கும் ஒண்ணும் இல்ல. இப்போ ஸ்டேப்ளர் 29-ல 4, உள்தையல் 29-ல 3. பக்கத்துக்கு ஒருத்தர் கிடைக்கல.

கைடுகிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. "அப்ப டிஃபரன்ஸே இல்லையே"ன்னார். ஆமாங்க சார்ன்னேன். "எக்ஸாமினர் கேட்டா நீதான் பதில் சொல்லோணும்"னுட்டு சைன் போட்டார். ஃப்ளோ சார்ட் வரைஞ்சுட்டேன், கடைசிக் கட்டத்துல "தொடர்பு கொள்ள இயலவில்லை: 1" ரெண்டு பக்கமும். தோலை மூடினவங்க பேர் குறிக்கலைங்கறதையும் குறைகள்ல எழுதிட்டேன், கோபி ஐயாவுக்காக.

கோபி_கத்தி | ஞாயிறு, காலை 5.55

படிச்சேன் அம்மிணி. என்ற தீசிஸ் 1984. அதுலயும் வராதவங்க இருந்தாங்க. எத்தனை பேருன்னு இப்ப யோசிச்சுப் பார்த்தா ஞாபகத்துக்கு வரல.

தறி_சென்னிமலை | ஞாயிறு, காலை 8.30

டாக்டரம்மா, கிடைக்காத ரெண்டு பேர்ல யாராச்சும் எங்க பக்கமா? ஊரைச் சொன்னா நான் வண்டியில போய்ப் பார்த்துட்டு வந்துருவேன்.

நொய்யல்_பீஜி | ஞாயிறு, காலை 8.41

ஊரும் பேரும் வெளிய சொல்லக்கூடாதுங்கண்ணா. ஒருத்தர் ஊரு விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நாளைக்கு அந்த வீதிக்குத்தான் போறாங்களாம்.